‘விஷமம்’ என்று எழுதிய கைக்கு

கோட்டை மதில் நிழல் விழும் இந்தப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் கோணாமல், முறை பிசகாமல், முதல் மணிக்கு முன்னே வந்து, கடைசிக் கதவு பூட்டிய பின்னே சென்ற பெருந்தகையே! இரு மொழிக்கும் இடையில் அமர்ந்து இன்முகம் மாறாத எழுத்துக்கு அரசியே! கோப்புகளைக் குழந்தைகள் போலப் பேணி, குழந்தைகளை மட்டும் ஒருநாளும் கோப்புகளாகப் பாராத குணக்குன்றே! தலைமை எழுத்தர் திருமதி கிருஷ்ணவேணி அம்மையார் அவர்களே! கோடை விடுமுறையிலும் ஊருக்குப் போகாமல் ஓடி வந்திருக்கும் நாங்கள், இந்த மே மாதக் கடைசி வேலைநாளில், தங்கள் பணிநிறைவு விழாவில் இம்மடலை நெஞ்சம் நிறைந்து படைக்கிறோம்!

அம்மையார் அனுமதித்த அடைமொழிகள் இவ்வளவுதான். நாங்கள் எழுதி வைத்திருந்தது இன்னும் பதினேழு. தமிழாசிரியை சூடாமணி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு மோனையும் எதுகையும் பார்த்து அடுக்கியவை அவை. விழாவுக்கு முன் பார்வைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது எங்கள் தவறு. சிவப்புப் பேனாவை எடுத்தார். அவரிடம் போன காகிதம் எதுவும் சிவப்புப் படாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ‘அப்பழுக்கற்ற’ என்ற சொல்லில் வந்து பேனா நின்றது.

“இது பொய்யாக்கும் சூடாமணி,” என்றார். “அந்த லெட்டர் காரியத்த எழுது. எழுதலேன்னா நான் மேடையில ஏறமாட்டேன், கேட்டியா?”

“அக்கா, பாராட்டு மடல்ல போயி யாராவது தப்ப எழுதுவாங்களா?”

“எழுதினா என்ன? சட்டம் போட்டு மாட்டப் போறது என் வீட்டுச் சுவர்லதான? தினம் நான்தான பாக்கணும்?”

அவையோரே, தன் பாராட்டு மடலில் தன் பிழையை எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்த மனிதரை நாங்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. மறுத்துப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், தலைமையாசிரியை வழியாகச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரை மாலையோடு எதிரே உட்காரவைத்து, ‘தாங்கள் பிழை செய்தீர்கள்’ என்று நீட்டி முழக்க எங்களுக்கு நா எழாது. ஆகவே இனி வருவதை அம்மையாரை நோக்கிச் சொல்லவில்லை. அம்மையாரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம். அவர் மனதில் ஓடியவற்றையும் எழுதியிருக்கிறோம். அவை நாங்கள் கட்டியவை அல்ல, இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்கியவை.

திருவனந்தபுரத்தில் இருக்கும் நம் பள்ளிக்கு உத்தரவுகள் மலையாளத்தில் வரும். தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வந்து கட்டடத்திலும் ஓட்டலிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். பிள்ளைகளோ வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி, போனில் இரண்டையும் ஆங்கில எழுத்தில் கலந்தடிப்பவர்கள். இந்த மூன்று கட்சிக்கும் நடுவே உட்கார்ந்து, மலையாளத்தில் வந்ததைத் தமிழாக்கி வீடுகளுக்கு அனுப்புவது அம்மையாரின் வேலை. தட்டச்சுப் பொறியில் தொடங்கி, கணினிக்கு மாறி, பிறகு வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்ந்தார். ‘நாளை பள்ளி உண்டா?’ என்று கேட்டு இரவு பகல் பாராமல் வரும் செய்திகளுக்கெல்லாம் பதில் போட்ட பொறுமை இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. எங்களுக்கு வரவில்லை.

பொதுமுடக்கம் வந்தது. வகுப்பு போனுக்குள் போயிற்று. அதுவரை பிள்ளைகள் கையில் போனைக் கண்டால் பிடுங்கி அலமாரியில் பூட்டிய நாமே, ‘பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள்’ என்று பெற்றோருக்குக் கடிதம் விட்டோம். அதைத் தமிழில் எழுதியவரும் அம்மையார்தான். வாங்கச் சொன்னோமே தவிர, வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதினோமா? இல்லை. அந்த வெட்கத்தில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. அம்மையார் தன் பங்கை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

பள்ளி மறுபடி முழுதாகத் திறந்த அந்த மார்ச் மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயரைப் பிறகு சொல்கிறோம், அதற்குக் காரணம் உண்டு. நன்றாகப் பாடுவாள். அதைவிட நன்றாக வாயாடுவாள். வகுப்பில் அவள் பேச்சை நிறுத்துவதுதான் ஆசிரியர்களின் பாதி வேலை. அந்தப் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். மதியச் சோற்றைக் கிளறிவிட்டு மூடினாள். கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றாள். அவளுடைய வகுப்பாசிரியை சரசம்மா மலையாளம் கற்பிப்பவர், தமிழ் எழுதத் தெரியாதவர். வீட்டுக்கு ஒரு குறிப்பு எழுதி அம்மையாரின் மேசையில் வைத்தார். மலையாளத்தில் இரண்டே வரி: “குட்டிக்கு எந்தோ விஷமமுண்டு. வீட்டில் ஒந்நு ஸ்ரத்திக்கணம்.”

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம், வெளியே சொல்ல முடியாத துயரம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு, குசும்பு, வேண்டாத வேலை. எழுத்து ஒன்று, ஓசை ஒன்று, பொருள் மட்டும் ஆளுக்கொரு திசையில் போகும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அம்மையாருக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் பிழை வர வழியே இல்லை. நாள் முழுதும் இரண்டிலும் புழங்குகிற மண்டைக்குள்தான், கையில் இருக்கும் சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரு நொடி மறந்துபோகும்.

அன்றைக்கு மதியம் மேசையில் தடுப்பூசிச் சம்மதக் கடிதங்கள் நூற்றுப் பன்னிரண்டு கிடந்தன. மூன்று மணிக்குள் முடிக்க வேண்டும். அவற்றின் நடுவே இந்தக் குறிப்பையும் எடுத்தார். விரல்கள் தாமாகவே ஓடின: ‘தங்கள் குழந்தைக்கு ஏதோ விஷமம் உண்டு. வீட்டில் கவனிக்கவும்.’ முத்திரை குத்தி, மடித்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அவள் கையிலேயே கொடுத்தார். தனக்கு எதிரான கடிதத்தைத் தானே வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள் அந்தப் பிள்ளை.

பிள்ளையின் தகப்பனார் கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊரை விட்டு வந்து, வெப்பத்தில் நின்று, மகள் படித்தால் போதும் என்று மாவடிக்கும் மனிதர். பள்ளியிலிருந்து முத்திரை போட்டு வந்த கடிதம் அவருக்கு நீதிமன்ற உத்தரவு மாதிரி. கவனிக்கவும் என்று எழுதியிருந்தது. அவரும் தனக்குத் தெரிந்த முறையில் கவனித்தார். கன்னத்தில் இரண்டு அடி. போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். மறுநாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்து சரசம்மா டீச்சர் அலுவலகத்துக்குள் வந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

“வேணீ, ஞான் எழுதியது அவர்க்குக் கொடுத்தில்லே? ஆ குட்டிக்கு எத்ர விஷமமுண்டெந்நு அறியாமோ? இப்போ ஸ்கூலிலும் வருந்நில்லா!”

பிள்ளையின் துயரம் எவ்வளவு பெரிது தெரியுமா, இப்போது பள்ளிக்கும் வருவதில்லையே என்று டீச்சர் கேட்டதும், அம்மையார் கோப்பைத் திறந்து நகலை எடுத்தார். கேட்ட சொல் காதில் மலையாளமாக விழுந்தது, எழுதிய சொல் கண்ணில் தமிழாக நின்றது. இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ கடிதங்கள் எழுதியவருக்கு அந்த ஒரு வரியை மறுபடி வாசிக்க முடியவில்லை. ‘என் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?’ என்று யோசித்தாராம். இரண்டு அடிதான் கொடுத்திருப்பேன் என்று தோன்றியதாம். அதுதான் அவரை இன்னும் கலக்கிவிட்டது.

திருத்தி இன்னொரு கடிதம் அனுப்பிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. “லெட்டர் போயிதான் இந்த வினையே வந்தது. நானே போறேன்,” என்றார் அம்மையார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேசையில் பாதி குடித்த தேநீர் அப்படியே இருந்தது.

மணக்காட்டில், பின்சந்தில், ஓரறையும் அடுக்களையும் உள்ள வாடகை வீடு. பரோட்டா மாஸ்டருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை, அதனால் வீட்டில் இருந்தார். பள்ளியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சரம்மாதான்.

“வாங்க டீச்சரம்மா. இவ ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். நீங்கதான லெட்டர் போட்டிருந்தீங்க, விஷமம் பண்ணுதான்னு. நல்லாக் கண்டிச்சிட்டேன். போனையும் பிடுங்கி வச்சாச்சு. இனி ஒரு விஷமமும் பண்ணமாட்டா.”

நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மையார் உட்காரவில்லை. நின்றுகொண்டு சொல்ல வேண்டிய காரியம் இது என்று அவருக்குப் பட்டது.

“அண்ணாச்சி, பிள்ள ஒரு விஷமமும் பண்ணல்ல. எழுதின நான்தான் தப்புப் பண்ணினேன். பிள்ளைக்கு மனசுல ஏதோ பெரிய சங்கடம் இருக்குன்னு அவ டீச்சர் மலையாளத்துல எழுதியிருந்தாங்க. அத நான் விஷமம்னு அப்படியே தமிழ்ல எழுதிப்போட்டேன்.”

அவர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். பிறகு புரிந்தது. தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“அப்ப நான் அடிச்சது?”

“எனக்கு விழ வேண்டிய அடியாக்கும் அது. பிள்ளைக்கு விழுந்து போச்சு.” அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி தெரிந்தது. அம்மையார் அந்தப் பக்கம் திரும்பினார். “மக்களே, என்ன மன்னிச்சிரு. உனக்கு என்ன சங்கடம்னு சொல்லு. நான் கேக்க வந்திருக்கேன்.”

பாவாடை நுனி கதவுக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனது. மன்னிப்புக் கேட்டதும் பிள்ளை ஓடி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும் என்று நினைத்திருந்தாராம் அம்மையார். தன் மடத்தனத்தை நினைத்து இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறார். வாயே திறக்காமல் இருந்ததற்கு இரண்டு அடி வாங்கிய பிள்ளை, வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்காதா?

தாயார் கதவருகே போனார். “சொல்லுளா. டீச்சரம்மா கேக்காங்கல்லா.”

“சொன்னா அப்பா கொன்னுருவாவ,” என்றாள் பிள்ளை. “போனையும் ஒடச்சிருவாவ. படிப்பையும் நிறுத்திருவாவ.”

தகப்பனார் எழுந்தார். அம்மையார் கையைக் காட்டி உட்காரவைத்தார். பையிலிருந்து ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து அவர் முன் வைத்தார்.

“எழுதுங்க அண்ணாச்சி. பிள்ள என்ன சொன்னாலும் அடிக்கமாட்டேன், ஏசமாட்டேன், போனப் பிடுங்கமாட்டேன், ஸ்கூல நிறுத்தமாட்டேன்னு.”

“எழுத்துல எதுக்கு டீச்சரம்மா? வாயில சொன்னாப் போதாதா?”

“ஸ்கூல்ல பிள்ளைங்க தப்புப் பண்ணினா வாய்ல சொன்னாப் போதும்னா விடுதோம்? மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குதோம்லா. இன்னைக்கி நாம எழுதிக் கொடுப்போம்.”

மாவு பிசையும் கை பேனாவைப் பிடித்துத் தடுமாறித் தடுமாறி எழுதிற்று. நான்கு வரி, ஏழு எழுத்துப்பிழை. வாழ்நாளில் முதல்முறையாக அம்மையாரின் சிவப்புப் பேனா வெளியே வரவில்லை. காகிதம் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. பிள்ளை இரண்டு முறை வாசித்தாள்.

“‘முழுசும் கேட்டு முடியுத வரைக்கும்’னு சேத்துப் போடுங்கப்பா. பாதில எந்திரிச்சிப் போகப்பிடாது. அம்மாவும் கையெழுத்துப் போடணும்.”

சேர்த்தார். தாயார் கையெழுத்திட்டார். சாட்சி என்று எழுதி அம்மையாரும் இட்டார். அதற்கப்புறம் கதவு திறந்தது.

ஸ்ரீலட்சுமி என்று ஒரு பெண், வேறு பள்ளியில் பிளஸ் ஒன் படிப்பதாகச் சொல்லி, இன்ஸ்டாகிராமில் பழகியிருக்கிறாள். பாட்டை மெச்சினாள். படம் கேட்டாள். மஞ்சள் சுடிதாரில் பாடுகிற படம் ஒன்றைப் பிள்ளை அனுப்பினாள். இரண்டு நாளில் அந்த முகம் வேறொரு உடம்பில் ஒட்டப்பட்டு, பார்க்கக் கூசும் படமாகத் திரும்பி வந்தது. ‘நான் சொல்லுகிற மாதிரி இன்னும் படம் அனுப்பு. இல்லையென்றால் இது உன் அப்பா வேலை பார்க்கிற ஓட்டலுக்குப் போகும்’ என்று செய்தி. அப்போதுதான் அது ஸ்ரீலட்சுமியும் இல்லை, பெண்ணும் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்த நாளில்தான் நம் கடிதம் போயிருக்கிறது. போன் அரிசிக்குள் போனதும் நான்கு நாளாகப் பதில் போடவும் வழியில்லை. படம் ஓட்டலுக்குப் போய்விட்டதா இல்லையா என்றே தெரியாமல், அப்பா வேலை முடிந்து வரும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை செத்துப் பிழைத்திருக்கிறாள்.

தகப்பனார் பாதியில் எழவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். கேட்டு முடித்ததும் டிரம்முக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, சுவரில் எறிய ஓங்கினார். அம்மையார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒடச்சா அவன் தப்பிச்சிருவான் அண்ணாச்சி! அவன் எழுதினது பூரா இதுக்குள்ளதான் இருக்கு. ஒண்ணையும் அழிக்காதீங்க, பதிலும் போடாதீங்க.”

சார்ஜ் ஏற்றித் திறந்தபோது நாற்பத்தொரு செய்திகள் குவிந்திருந்தன. கடைசிச் செய்தி அன்று மாலை ஆறு மணி வரை கெடு கொடுத்திருந்தது. படம் இன்னும் எங்கும் போகவில்லை. எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பிள்ளையே ஒவ்வொரு செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். அதில் அவள் கைதான் வேகம். சரசம்மா டீச்சரையும் வழியில் ஏற்றிக்கொண்டு, ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துச் சைபர் போலீசுக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

“இதில் குட்டிக்கு நாற்பத்தி நாலு வயசாணல்லோ?”

பரோட்டா மாஸ்டர் தலையைக் குனிந்தார். கணக்குத் திறக்கும்போது பிள்ளையின் பிறந்த வருடத்தைப் போட்டால் ஏற்கவில்லை என்று தன் பிறந்த தேதியைப் போட்டுக் கொடுத்தவர் அவரே. சின்னப் பிள்ளைக் கணக்கு என்றால் முன்பின் தெரியாதவன் செய்தி அனுப்புவது அவ்வளவு எளிதல்ல. நாற்பத்து நாலு வயதுக்காரருக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதிகாரி எழுதிக்கொண்டே போய், வழக்கமான கேள்வி போல நிமிர்ந்து கேட்டார்: “குட்டிக்கு நல்ல விஷமமுண்டோ?”

தகப்பனார் மகளின் தலையில் கையை வைத்தார்.

“உண்டு மேடம்,” என்றார். “நல்ல விஷமமுண்டு.”

இரண்டே நாளில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. சில மாதம் கழித்து ஆளும் பிடிபட்டான். வேறு மாநிலத்தில் நடுவயதுக்காரன் ஒருவன், இப்படிப் பல பிள்ளைகளை மிரட்டியவன். நம் பிள்ளை சேர்த்துவைத்த நாற்பத்தொரு செய்திகள் அந்த வழக்குக்கு நன்றாக உதவின. பரோட்டா மாஸ்டர் எழுதிக் கொடுத்தபடியே போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான் என்று அம்மையார் சொல்வார். பிறந்த தேதியையும் மாற்றிக் கொடுத்தார்.

அம்மையாரோ நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், “எனக்கு ஒரு மெமோ கொடுங்க,” என்று நின்றார். மெமோ கொடுக்க மறுத்தார்கள். அப்படியென்றால் வேறொன்று கொடுங்கள், ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றார். அன்று பிறந்ததுதான், அவையோரே, ஆசிரியர் அறையில் ‘வேணியக்கா பத்திரம்’ என்று நாம் கேலி செய்யும் அந்தக் காகிதம்! ‘இணையத்தில் நடந்த எதையும் என் பிள்ளை என்னிடம் வந்து சொன்னால், முழுதும் கேட்டு முடியும் வரை அடிக்கமாட்டேன், ஏசமாட்டேன், பாதியில் எழுந்து போகமாட்டேன், சொன்னதற்காகப் போனைப் பிடுங்கமாட்டேன்.’ தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும். மலையாளத்தை சரசம்மா டீச்சர் மூன்று முறை வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போனது. அதற்குப் பிறகு எந்தக் கடிதமும் சரசம்மாவின் கண்ணில் படாமல் அம்மையாரின் மேசையைத் தாண்டியதில்லை. இரண்டு மொழியிலும் வேஷம் மாறும் சொற்களை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். நம் அவசரம் மலையாளத்தில் வாய்ப்பு! ‘ஒரு அவசரம் உண்டு’ என்று பிள்ளைக்குச் செய்தி வந்தால், ஏதோ ஆபத்து என்று ஓடாதீர்கள், சினிமாவில் சேர்க்கிறேன் என்று எவனோ ஏமாற்றுகிறான் என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தப் பட்டியல்தான்.

முதல் வருடம் கையெழுத்து வாங்குவதற்குள் பட்ட பாடு கொஞ்சமா? கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் அம்மையாரே படியேறினார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்திலிருந்து வந்த வாலாம்பாள் மாமி பேனாவைத் தொடவே மாட்டேன் என்றார். “தப்புப் பண்றது பிள்ளை, கையெழுத்து நானா? நன்னாருக்கே!” ஆடிட்டர் பகவதிப்பெருமாள் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை வாசித்துவிட்டு ஒரு திருத்தம் கேட்டார். “‘நியாயமான காரணம் இருந்தாலொழிய’ன்னு ஒரு வரி சேத்துக்கிடலாமா?”

“சாரே, அடிக்கிற நேரத்துல எந்த அப்பாவுக்குத்தான் நியாயமான காரணம் இல்லாம இருந்திருக்கு?” என்றார் அம்மையார்.

சார் கையெழுத்துப் போட்டார். ஓணம் விடுமுறைக்கு அவர் மகன் அனீஷ், கேமில் பழகிய ஒருவன் வீட்டு விலாசம் கேட்கிறான் என்று வந்து சொன்னானாம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு முழுக்கக் கேட்டு முடித்தேன் என்று, ஏதோ பதக்கம் வாங்கியவர் போல அவரே அலுவலகம் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாமியும் மறு வருடம் கையெழுத்திட்டார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, அம்மையாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தத்தம் பிள்ளையின் போனைத் திறந்து பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். முதல் கூட்டத்தன்று, நாற்பதும் ஐம்பதும் வயதான எண்பத்தாறு பேர் ஒரே காலைப் பொழுதில் பதினான்கு வயதுக்குத் திரும்பினார்கள்! பேசிப் பேசிக் கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரை கிடுகிடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை குறைந்து, போன ஜூனில் மூன்று பேர்தான். அம்மையாருக்கு எத்தனையோ நற்சான்றிதழ்கள் உண்டு. அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இந்த மூன்றை மட்டும்தான்.

அம்மையாரே! எழுத்தில் பிழை செய்து, எழுந்து போய்த் திருத்தி, ஏழு வீட்டுக் கதவு திறக்க எழுபது வீட்டுப் படியேறிய ஏந்தலே! பிள்ளைகளிடம் எழுதி வாங்கும் பள்ளியில் பெற்றோரை எழுதிக் கொடுக்கவைத்த பேரறிவே! தங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாசலோடு திரும்பிப் போகட்டும்! கண் தெளிவும் கால் வலிமையும் காலமெல்லாம் கூட வரட்டும்! மூன்று மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை எதுவும் இனித் தங்கள் மதியங்களுக்கு இல்லாமல், பேரப்பிள்ளைகளோடு பேசிச் சிரித்து, நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி வாழ வேண்டும்!

மடல் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெயர் பாக்கி இருக்கிறது.

பிறர் படத்தையும் பிறர் கதையையும் கேட்காமல் எடுத்து ஊருக்குக் காட்டுவதுதான் இணையத்தில் நடக்கும் பாதி அக்கிரமம். அதையே நாங்களும் ஒரு பாராட்டு மடலில் செய்யலாமா? ஆகவே எழுதியதை அந்தப் பிள்ளையிடமே கொண்டுபோனோம். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன மாதம் பதினெட்டு வயது நிறைந்தது. முதலில் முழுக்க வாசிக்க வேண்டும் என்றாள். வாசித்தாள். ‘பாவப்பட்ட பெண்’ என்று நாங்கள் எழுதியிருந்த நான்கு இடத்திலும் அடித்தாள். “நான் பாவம் ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றாள். பெயரைப் போடலாமா, மாற்றிப் போடட்டுமா என்று கேட்டோம்.

“என் பேரையே போடுங்க. அப்பா பேரும் அம்மா பேரும் போடுங்க, அவங்ககிட்ட கேட்டாச்சு. ஆனா ஒரு காரியம் உண்டு, கேட்டீங்களா? வேற ஆரும் வாசிக்கப்பிடாது.”

அவள் பெயர் மீனு. தகப்பனார் பிச்சைக்கனி, தாயார் மாடம்மாள். இருவரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். முதல் வரி தொடங்கி இந்த வரி வரைக்கும் இம்மடலை உங்கள் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கும் குரல், அந்தப் பிள்ளையினுடையது.

இவ்வண்ணம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்,
திருவனந்தபுரம்.